மூன்று தட்டுக்கு என்ன பதில்?

ஒரு சிறுவன் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு இன்னும் வரவில்லை. யாரையும் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை. குச்சியை எடுத்து மூன்று தட்டு தட்டுகிறான். நிறுத்துகிறான். பியானோவில் இருக்கும் இசைச் சிகிச்சையாளர் இப்போது என்ன செய்ய வேண்டும்?

அதே மூன்று தட்டைத் திருப்பி வாசிக்கலாம். 'நீ தட்டியது என் காதில் விழுந்தது' என்று அவன் எடுத்துக்கொள்ளலாம், 'என்னைக் கேலி செய்கிறார்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான்காவதாக ஒரு தட்டைச் சேர்த்து, விட்ட இடத்தை நிரப்பலாம். தட்டுகள் நின்ற பிறகும் காற்றில் ஏதோ ஒன்று இருக்கும்படி கீழ் ஸ்தாயியில் ஒரு கார்வையை நீட்டலாம். சும்மாவும் இருக்கலாம். ஆனால் எவ்வளவு நேரம்? அரை விநாடி சும்மா இருந்தால் அது காத்திருப்பது. பத்து விநாடி இருந்தால் கைவிட்டது போல ஆகிவிடக்கூடும். இதையெல்லாம் யோசிக்க அவருக்குக் கிடைப்பது கண் இமைக்கும் நேரம்தான். ஏதோ ஒன்றை வாசிக்கிறார். அதற்குச் சிறுவன் என்ன செய்கிறான் என்பதை வைத்து அடுத்தது. இப்படியே அரை மணி நேரம் போகும்.

இசைச் சிகிச்சையில் இம்ப்ரோவைசேஷன் என்று சொல்வது இதைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு மாதிரி இருக்கும். ஒரு விதத்தில் விளையாட்டேதான்.

இம்ப்ரோவைசேஷன் என்றதும் நமக்கு முதலில் தோன்றும் சொல் கர்நாடக இசையின் மனோதர்மம். ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம் எல்லாம் அந்தந்தக் கணத்தில் பிறப்பவை. ஆனால் அந்தக் கணத்துக்குப் பின்னால் பல வருடச் சாதகம் இருக்கிறது, ராகத்தின் எல்லை இருக்கிறது, தாளத்தின் கணக்கு இருக்கிறது. சிகிச்சை அறைக்கு வருபவரிடம் இவை எதையும் எதிர்பார்ப்பதில்லை. வாழ்நாளில் ஒரு வாத்தியத்தையும் தொட்டிராதவராக இருக்கலாம். தட்டலாம், உரசலாம், ஊதலாம், முனகலாம், அழலாம். அதுவே அங்கே இசைக்குப் போதும். சாதகம் எல்லாம் எதிரில் இருப்பவருக்குத்தான் வேண்டும். பாடுபவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே தயங்குவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு வாசிக்கும் நல்ல பக்கவாத்தியக்காரரை நினைத்துக்கொண்டால் ஓரளவு பிடிபடும். ஒரே ஒரு வித்தியாசம்: இங்கே பாடகர் தான் பாடிக்கொண்டிருக்கிறோம் என்பதையே அறியாமல் இருக்கலாம்.

இசைச் சிகிச்சை முழுவதும் இதுதான் என்றும் நினைக்க வேண்டாம். இத்துறையின் வழிகளை அமெரிக்க இசைச் சிகிச்சை அறிஞர் கென்னத் புரூஷியா நான்காகப் பிரித்தார்: இசையைக் கேட்பது, ஏற்கெனவே இருக்கும் பாட்டைப் பாடுவது அல்லது வாசிப்பது, புதிதாகப் பாட்டு அமைப்பது, இம்ப்ரோவைசேஷன். முதல் மூன்றிலும் ஏதாவது ஒரு படைப்பு கையில் இருக்கும், அல்லது கடைசியில் கிடைக்கும். நான்காவதில் வாசித்ததும் கரைந்துவிடுகிறது. இது தொடர்பாகப் பரவலாக இருக்கும் 'இந்த நோய்க்கு இந்த இசை' என்ற மருந்துச்சீட்டுக் கணக்குக்கு இங்கே இடமே இல்லை. என்ன இசை வரப்போகிறது என்பதே யாருக்கும் தெரியாதபோது சீட்டில் எதை எழுதுவது?

இந்த வழிக்கு முறையான உருவம் கிடைத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். பால் நார்டாஃப் அமெரிக்க இசையமைப்பாளர், பியானோ கலைஞர், பார்ட் கல்லூரியில் பேராசிரியர். ஐரோப்பாவுக்குப் போனபோது, இசையைக் கொண்டு மாற்றுத்திறனாளிக் குழந்தைகளை எட்ட முடிவதைப் பார்த்து அதிலேயே இறங்கிவிட்டார். 1959இல் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் சன்ஃபீல்ட் என்ற குழந்தைகள் இல்லத்தில் கிளைவ் ராபின்ஸ் என்ற சிறப்பாசிரியரோடு சேர்ந்தார். ஒருவர் பியானோவில், இன்னொருவர் குழந்தையின் பக்கத்தில். இந்த இருவர் ஏற்பாடு பிறகு ஒரு சிகிச்சை மரபாகவே வளர்ந்தது. ஊனம், நோய், பழக்கம் எல்லாவற்றுக்கும் அடியில் இசைக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரு குழந்தை இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதை 'இசைக் குழந்தை' என்றே அழைத்தார்கள். கொஞ்சம் கவித்துவமான பெயர்தான். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது.

அவற்றில் அதிகம் பேசப்பட்டது எட்வர்ட் என்ற ஐந்தரை வயதுச் சிறுவனின் பதிவு. முதல் அமர்வில் அவன் ஓயாமல் வீறிடுகிறான். சாதாரணமாக நாம் என்ன செய்வோம்? 'அழாதே' என்போம், பொம்மையைக் காட்டுவோம், தாலாட்டு மாதிரி ஏதாவது மெதுவாக வாசிப்போம். நார்டாஃப் அலறலை அடக்கப் பார்க்கவில்லை. அது எந்தச் சுருதியில் நிற்கிறதோ அங்கேயே போய், அதே வேகத்தில், அதே பலத்தில் வாசிக்கிறார், பாடுகிறார். கொஞ்சம் கொஞ்சமாக அலறல் பியானோவின் சுரத்தோடு ஒட்ட ஆரம்பிக்கிறது. அடுத்தடுத்த அமர்வுகளில் அது பாட்டும் பதிலுமாக மாறுகிறது. 1990களின் இறுதியில் நார்டிக் இசைச் சிகிச்சை ஆய்விதழில் பல அறிஞர்கள் இந்த ஒரே பதிவைத் தங்கள் தங்கள் கோணத்திலிருந்து அலசினார்கள். சுருதி சேர்ந்ததா, நமக்குத்தான் அப்படிக் கேட்கிறதா, குழந்தையின் துயரத்தைப் பாட்டாக்குவது சரியா என்றெல்லாம் கேள்விகள். சில நிமிட ஒலிப்பதிவுக்கு அத்தனை விளக்கம் தேவைப்பட்டது என்பதே இந்த வேலை எவ்வளவு சிக்கலானது என்று காட்டுகிறது.

பிரிட்டனில் வேறு இரண்டு கிளைகளும் முளைத்தன. பாப்லோ கசால்ஸிடம் செல்லோ பயின்ற ஜூலியட் ஆல்வின், வருபவர் கேட்டாலொழிய எந்த விதியும் வைக்காத 'சுதந்திர' முறையை வளர்த்தார். மேரி பிரீஸ்ட்லி 1970களில் லண்டனின் செயின்ட் பெர்னார்ட்ஸ் மருத்துவமனையில், மனநலச் சிகிச்சைக்கு வந்த பெரியவர்களோடு வேலை செய்தவர். அவர் முறையில் முதலில் பேச்சு. பேச்சில் எங்கே முட்டிக்கொள்கிறதோ அதையே தலைப்பாக வைத்து இருவரும் வாசிப்பார்கள். பிறகு பதிவைப் போட்டுக் கேட்டு, மறுபடி பேச்சு. 'அப்பா மேல் எனக்குக் கோபமே இல்லை' என்று சொன்னவரின் கை தாளத்தட்டை எப்படி அடித்தது என்பது பதிவில் இருக்கும். ஆளே வாயடைத்துப் போகலாம்.

சரி, இது ஏன் வேலை செய்ய வேண்டும்? எனக்கு எளிமையாகவும் நம்பத்தக்கதாகவும் படும் விடை கைக்குழந்தைகளிடமிருந்து வருகிறது. பேச்சு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே குழந்தையும் தாயும் 'பேசுகிறார்கள்'. குழந்தை 'ங்கா' என்கிறது, தாய் அதே இழுப்பில், சற்று உயர்த்தி 'ங்காஆ' என்கிறாள். சொல் ஒன்றும் இல்லை. ஏற்றம், இறக்கம், வேகம், இடைவெளி மட்டும்தான். மனநல மருத்துவர் டேனியல் ஸ்டெர்ன் 1985இல் வந்த தன் நூலில் இதில் இன்னொரு நுட்பத்தை எடுத்துக்காட்டினார். ஒரு பருவத்துக்குப் பிறகு தாய் அப்படியே நகலெடுப்பதில்லை. குழந்தை கையை வீசி மேசையைத் தட்டினால், தாய் அதே விசையைக் குரலில் காட்டுகிறாள். செயல் வேறு, உள்ளே ஓடும் உணர்ச்சியின் வடிவம் ஒன்று. 'நீ செய்ததைப் பார்த்தேன்' என்பதைத் தாண்டி, 'நீ உணர்ந்தது எனக்கும் தெரிகிறது' என்று அது சொல்கிறது. ஸ்டீஃபன் மாலக், கால்வின் டிரெவார்த்தென் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பரிமாற்றத்தை ஒலியாகவே அளந்து பார்த்து, அதில் லயமும் சுரத்தின் போக்கும் கதைபோன்ற எடுப்பும் முடிப்பும் இருப்பதாகக் காட்டினார்கள். சிகிச்சையாளர்கள் இதைப் படித்துவிட்டு, 'அட, நாம் செய்துகொண்டிருப்பது இதுதானே' என்றார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மிகச் சாதாரணமானது, அதனாலேயே கண்ணில் படுவதில்லை. பேச்சில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் அது குறுக்கீடு. இசையில் இருவர் ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான் இயல்பு. முறை வைத்துப் பேசத் தெரியாதவர், பேச்சில் எப்போது நுழைவது என்று புரியாமல் தவிப்பவர், பேசவே முடியாதவர் என எல்லோருக்கும் இங்கே உள்ளே வர வாசல் இருக்கிறது. தப்பான நேரத்தில் தட்டினாலும் அதை நடையாக மாற்றிவிட எதிரில் ஒரு கை காத்திருக்கிறது.

மூளையைப் படம்பிடித்தும் பார்த்திருக்கிறார்கள். சார்லஸ் லிம், ஆலன் பிரான் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஜாஸ் பியானோ கலைஞர்கள் ஸ்கேனருக்குள் படுத்தபடி வாசித்தார்கள். மனப்பாடமாக வாசிப்பதைவிடக் கற்பனையாக வாசிக்கும்போது, நெற்றிப் பக்கத்து மூளையில் சுயகண்காணிப்போடு தொடர்புள்ள வெளிப்புறப் பகுதிகள் அடங்கின, நடுப்பகுதியில் செயல்பாடு கூடியது. ஆனால் அவர்கள் ஆறே பேர், அதிலும் தொழில்முறைக் கலைஞர்கள். மேளத்தை முதல் முறையாகத் தொடும் ஒருவரின் மூளையிலும் இதுவே நடக்கிறது என்று இதை வைத்துச் சொல்வது கொஞ்சம் அதிகம்.

இப்போது நுட்பங்களுக்கு வருவோம். புரூஷியா 1987இல் வெளியிட்ட பெரிய நூலில் 64 உத்திகளைப் பெயரிட்டுப் பட்டியலிட்டார். எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. ஆனால் சிலவற்றுக்கு இடையே உள்ள மெல்லிய கோடு தெரிந்தால் இந்தத் தொழிலின் சூட்சுமம் புரியும்.

எதிரில் இருப்பவர் செய்வதை அதே நேரத்தில், அதேபோல் செய்வது கண்ணாடி மாதிரி. நேரடியானது, வலுவானது, சீக்கிரம் அலுத்தும்விடும். சிலருக்கு உறுத்தும். அதைவிட அதிகம் பயன்படுவது பொருந்தி வாசிப்பது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டோனி விக்ராம் இதை மிகவும் வலியுறுத்தினார். எதிரில் இருப்பவர் தாறுமாறாக வாசித்தால் நீங்களும் அதே குணத்தில் வாசிக்கிறீர்கள், அதே சுரங்களை அல்ல. அவர் சீராகப் போகாதபோது நீங்கள் மட்டும் கச்சிதமான தாளத்தில் போனால், 'நீ சரியில்லை' என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும். நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். அழகாக வாசித்துப் பழகிய விரல்களுக்கு அபஸ்வரத்தில் துணை நிற்பது சுலபமில்லை.

மூன்றாவது, தரை போட்டுக் கொடுப்பது. எதிரில் இருப்பவரின் வாசிப்பு திசையில்லாமல் மிதக்கும்போது, கீழே ஒரு சுருதியையோ மெதுவான ஒற்றை நடையையோ நிலையாகப் பிடித்துக்கொண்டிருப்பது. தம்புராவின் வேலையைப் போன்றது. அவர் எங்கே போனாலும் திரும்பி வர ஓர் இடம் இருக்கும். டயேன் ஆஸ்டின் என்ற சிகிச்சையாளர் குரலுக்கென்று வளர்த்த முறையில், பியானோவில் இரண்டே இரண்டு கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும், ஊஞ்சல் போல. அதன் மேல் வருபவர் குரலை விடுகிறார், சிகிச்சையாளர் முதலில் அதே சுரத்தில் கூடவே பாடுகிறார், பிறகு கொஞ்சம் விலகிப் பாடுகிறார். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடுவதால் பயம் குறைகிறது. குரல் என்பது ஒளிந்துகொள்ளக் குச்சியும் மேளமும் இல்லாத வாத்தியம் ஆயிற்றே.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது, பொங்கி வருவதைத் தாங்கிக்கொள்வது. ஒருவர் மேளத்தை அடித்துத் துவைக்கிறார். அப்போது மென்மையாக வாசித்தால் அவருக்குக் கேட்கவே கேட்காது. அவர் தன் கோபத்தோடு தனியாக விடப்படுவார். சிகிச்சையாளரும் அதே அளவு சத்தத்தில், ஆனால் பெரிய, உறுதியான ஒரு வடிவத்தோடு வாசிக்க வேண்டும். சத்தத்துக்குக் கரை கட்டுவது மாதிரி.

அறையில் சில எளிய ஏற்பாடுகளும் இருக்கும். சைலஃபோனில் சில கட்டைகளைக் கழற்றிவிட்டு ஐந்து சுரங்களை மட்டும் விட்டுவைத்தால், எங்கே தட்டினாலும் கர்ணகடூரமாக ஒலிக்காது. முதல் நாள் வரும் கூச்சமுள்ளவருக்கு இது பெரிய உதவி. ஆனால் எப்போதும் இப்படியே வைத்தால் அங்கே கோபப்படவே முடியாது. எதைத் தட்டினாலும் இனிமையாக இருக்கும் வாத்தியத்தில் கோபத்தை எப்படிக் காட்டுவது?

குறைமாதக் குழந்தைகளின் தீவிரச் சிகிச்சைப் பிரிவிலும் இதன் ஒரு வடிவம் நடக்கிறது. அங்கே வாத்தியம் குழந்தையின் மூச்சுதான். மூச்சின் ஏற்ற இறக்கத்தையும் முகத்தின் சிறு அசைவையும் பார்த்து, அதற்கேற்ற வேகத்தில் மிக மெல்ல முணுமுணுக்கிறார்கள். குழந்தை முகத்தைச் சுளித்தால் குறைக்கிறார்கள், தேவையானால் நிறுத்துகிறார்கள். ஒலிபெருக்கியில் ஓடும் தாலாட்டு இதைச் செய்யாது. அதற்குக் காது இல்லை.

அமர்வு முடிந்த பிறகும் வேலை முடிவதில்லை. பதிவைத் திரும்பக் கேட்டு, எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்று குறித்துவைக்கும் பழக்கம் நார்டாஃப்-ராபின்ஸ் மரபில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. புரூஷியா இதற்கு ஓர் அளவுகோல் தொகுதியே உருவாக்கினார். வாசிப்பில் மாற்றம் எவ்வளவு, இறுக்கம் எவ்வளவு, யார் இழுத்துச் செல்கிறார், யார் பின்னால் போகிறார் என்றெல்லாம் பார்ப்பது. ஆறு வாரம் ஒரே வேகத்தில் வாசித்தவர் ஏழாவது வாரம் ஒரே ஒரு முறை வேகத்தைக் குறைத்திருந்தால் அது செய்தி. அறையில் இருந்தபோது காதில் விழாமல் போனது பதிவில் பிடிபடும்.

பலன் உண்டா என்ற கேள்விக்கு விடை கலவையாகத்தான் இருக்கிறது. பின்லாந்தில் யாக்கோ எர்க்கிலாவின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுள்ள 79 பெரியவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை. 33 பேருக்கு மட்டும் கூடுதலாக, வாரம் இருமுறை என்று 20 இம்ப்ரோவைசேஷன் அமர்வுகள். மூன்று மாதத்தில் இந்தப் பிரிவினரிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தன. ஆறு மாதத்தில் பார்த்தபோது வித்தியாசம் அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. அங்கே வாசிப்பு மட்டுமல்ல, வாசித்ததைப் பற்றிய பேச்சும் இருந்தது. பலனில் எது எதன் பங்கு என்று பிரிக்க முடியாது. அதே குழு பிற்பாடு, அமர்வுக்கு முன்னால் மெதுவாக மூச்சு விடும் பயிற்சியைச் சேர்த்துப் பார்த்து, அது பலனைக் கூட்டுவதாகக் கண்டது.

ஆட்டிசத்தில் கதை வேறு. ஒன்பது நாடுகளில், 4 முதல் 7 வயதுக்குட்பட்ட 364 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2017இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. ஐந்து மாத முடிவில், சமூக உணர்வு சார்ந்த அறிகுறிகளின் தீவிரத்தில் இம்ப்ரோவைசேஷன் சிகிச்சை குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை. துறைக்குள் அது பலத்த அடி. அளக்கப் பயன்படுத்திய கருவி நோயறிதலுக்காக உருவானது, சில மாத மாற்றத்தைப் பிடிக்கும் அளவுக்கு நுட்பமானதல்ல என்ற பதில் வந்தது. அதில் நியாயம் உண்டு, ஆனால் அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்ததும் இதே துறைக்காரர்கள்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று 2022இல் வந்தது. அது 26 ஆய்வுகளையும் 1,165 பேரையும் சேர்த்துப் பார்த்தது. இம்ப்ரோவைசேஷன் மட்டும் அல்ல, இசைச் சிகிச்சை மொத்தத்துக்குமான கணக்கு அது. ஒட்டுமொத்த முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் உதவக்கூடும் என்றது. சமூகத் தொடர்பிலும் பேச்சிலும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை என்றது. ஆட்டிசக் குணங்களைக் குறைப்பதுதான் இலக்காக இருக்க வேண்டுமா என்று ஆட்டிசம் உள்ளவர்களே இன்று கேட்கிறார்கள். என் கணிப்பில், எண்களைவிட இந்தக் கேள்விதான் துறையை அதிகம் மாற்றப்போகிறது. எதிரில் இருப்பவரின் இசையை அப்படியே ஏற்றுக்கொண்டு தொடங்கும் ஒரு முறை, கடைசியில் அவரை மாற்றிக்காட்டு என்று கேட்கப்படுவதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது.

எல்லோருக்கும் இது ஏற்றதும் அல்ல. 'என்ன வேண்டுமானாலும் வாசியுங்கள்' என்பதைப் போலப் பயமுறுத்தும் வாக்கியம் சிலருக்கு வேறு இல்லை. மனம் ஏற்கெனவே சிதறிக் கிடக்கும் நேரத்தில், தெரிந்த பாட்டு ஒன்றின் பாதுகாப்பு எந்தச் சுதந்திரத்தையும்விட மேல். தேர்ந்த இசைக்கலைஞர்களுக்கும் ஆரம்பத்தில் சங்கடம்தான். தப்பு வராமல் வாசித்தே வாழ்ந்தவர்களிடம் தப்பே கிடையாது என்றால் கை எங்கே போகும்? அதனால் அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் முழுத் திறப்பிலிருந்து தொடங்குவதில்லை. ஒரு வாத்தியம், ஒரு நிமிடம், 'மழை வருவது போல' என்று ஒரு சின்ன வரம்பு. வேலி இருந்தால்தான் சிலரால் நடக்கவே முடியும்.

பயிற்சிக்கு வருபவர்களுக்குக் கடைசிவரை தொல்லை கொடுப்பது முடிப்பது எப்படி என்பதுதான். பல வருடம் வாசித்த கை, முத்தாய்ப்பை நோக்கித் தானாக ஓடும். இரண்டு கார்டு, ஒரு மெதுவாக்கல், முடிந்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எதிரில் இருப்பவர் இன்னும் முடிக்கவில்லையோ என்னவோ. அவர் குச்சி அந்தரத்தில் நிற்கிறது. எனவே கையை எடுக்காமல், அடுத்த சுரத்தையும் வாசிக்காமல், அவர் குச்சியைக் கீழே வைக்கும்வரை அந்த ஒலி தேய்வதைக் கேட்டுக்கொண்டிருக்கப் பழகுகிறார்கள். வைத்த பிறகும் உடனே பேசுவதில்லை. முதலில் பேச வேண்டியது யார் என்பதும் இன்னும் முடிவாகவில்லை.